தீவு நாடகத்தில் எனக்கு வசனம் இல்லை

கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறவர்களைப் பற்றிய ஆங்கில நாவல்கள் என்றாலே எனக்கு இன்றும் கொஞ்சம் எரிச்சல் வரும். பழைய நாவல் என்றால், ஒதுங்கியவன் வீடு கட்டி, வேலி போட்டு, கண்ணில் பட்ட முதல் மனிதனை வேலைக்காரனாக வைத்துக்கொள்வான். பிற்காலத்து நாவல் என்றால், ஒதுங்கியவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். ஒன்று முதலாளி, இல்லாவிட்டால் ஓநாய். நடுவில் சாதாரண மனிதன் ஒருவனையும் அந்த அலைகள் கரைசேர்க்காது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்த நாவல்கள் எங்களுக்குப் பாடமாக இருந்தன. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி, பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. பாடம் நடத்திய சார் நல்ல மனிதர். மனிதர்களைப் பற்றி மட்டும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "நாகரிகம்ங்கறது மேல அடிச்ச பெயின்ட்தான். சட்டம், போலீஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க, உள்ள இருக்கறது மிருகம்" என்பார். வகுப்பில் என்னைப் போல அதை நம்பியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்குத்தான் தினமும் அத்தாட்சி கிடைத்துக்கொண்டிருந்ததே.

அத்தாவுக்கு (வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மார்க்கெட் பக்கம் குழாய், பைப் விற்கிற கடை. நான் பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம். முதல் வருஷம் ஒருநாள் வகுப்பில் எழுந்து ஒரு பத்தியை வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்ட ஒருவன் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போட்டான். பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து நான் எழுந்து நின்றாலே போதும், வகுப்பு முழுக்க வண்டு பறக்கும். ஆரம்பித்து வைத்தவன் எங்கள் வகுப்பு லீடர், கான்வென்ட்டில் படித்தவன். மற்றவர்களுக்கு என்மேல் எந்தப் பகையும் இல்லை, சும்மா கூடச் சேர்ந்து முனகினார்கள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மெல்ல மெல்ல வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டேன்.

படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்காருவது என்று முடிவு செய்து அத்தாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் அவர்.

"ஏன்டா?" என்றார்.

"பிடிக்கலத்தா."

அவர் முகம் வாடிப்போனது. "கேம்ப் முடிச்சுட்டு வா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கேம்ப் என்பது கோவளத்தில் கல்லூரி நடத்திய சேவை முகாம். மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி, தெரு கூட்டி, மரக்கன்று நட்டோம். கடைசி நாள் சாயங்காலம் ஊராருக்கு ஒரு நாடகம் போடுவதாக ஏற்பாடு. சார் தாமே தமிழில் எழுதியிருந்தார். வேறு என்ன கதை, ஏழு பேர் தீவில் ஒதுங்குகிறார்கள். குடிதண்ணீர் தீர்ந்துகொண்டே வருகிறது. காய்ச்சலில் கிடக்கிற ஒருவனைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடலாம் என்று மற்ற ஆறு பேரும் முடிவெடுக்கிறார்கள். தலைவன் வேஷம் லீடருக்கு. காய்ச்சல்காரன் வேஷம் எனக்கு. ஒரு வசனம்கூடக் கிடையாது. முகாமோடு நான் கல்லூரியை விட்டு நிற்கப்போவது சாருக்குத் தெரியும், வகுப்புக்கும் தெரியும். போகிறவனுக்குப் பொருத்தமான வேஷம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

பள்ளி மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. முன்னால் மணலில் பெண்களும் பிள்ளைகளும், பின்னால் ஆண்கள். தெப்பத்துக்குப் பதில் ஒரு பலகை. அதில் என்னைப் போர்வையோடு கிடத்தினார்கள். லீடர் கம்பீரமாகக் கையை உயர்த்தி, "ஒருவன் போனால் ஆறு பேர் பிழைப்போம். தள்ளுங்கள்!" என்றான்.

"டேய்!" என்று ஒரு குரல் கேட்டது.

முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்துகொண்டிருந்தார். காலையில் பஸ் ஸ்டாப் அருகே மீன் விற்பவர். முகாம் சமையலுக்கு அவரிடம்தான் மீன் வாங்கினோம். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று மேடை ஏறி லீடர் எதிரில் போய் நின்றார்.

"இன்னாடா நாயம் இது? ஜொரத்துல கெடக்குற புள்ளைய கடல்ல தள்ளுவியா நீ?"

"ஆன்ட்டி, இது டிராமா ஆன்ட்டி."

"ஆன்ட்டியும் வேணா, பூந்தியும் வேணா. டிராமான்னா மனசாட்சிய வூட்ல வெச்சுட்டு வந்துடுவியா?"

பிறகு மற்ற ஐந்து பேர் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் இன்னா, நட்டு வெச்ச கம்பமா? ஒருத்தன் தள்ளச் சொன்னா கூடச் சேந்து தள்ளுவீங்களா?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். மேடை ஓரத்திலிருந்து சார், "நீ படுத்துரு, எழுந்திருக்காதே" என்று எனக்குச் சைகை காட்டினார். அக்கா என்னிடம் குனிந்தார்.

"நீ இன்னாப்பா, வாயில கொழுக்கட்டையா வெச்சுகினு கீற? போவ மாட்டேன்னு சொல்லேன்!"

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. போர்வையை உதறி எழுந்தேன். லீடரை நேராகப் பார்த்தேன்.

"போக மாட்டேன்" என்றேன். குரல் உடைந்துபோய் வந்தது. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். "போக மாட்டேன். தண்ணி பத்தலன்னா என் பங்குல கொறச்சுக்கோ. ஆனா நான் இங்கதான் இருப்பேன்."

பின்னாலிருந்து விசில் பறந்தது. லீடருக்கு அடுத்த வசனம் இல்லை. ஐந்து பேரில் ஒருவன், என்ன தோன்றியதோ, பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். குடத்தில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. குடித்தேன். வேறு வழியில்லாமல் சார் நாடகத்தை அதோடு முடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அக்காவைத் தேடிப் போனேன். "நாடகம்னு தெரியாம இல்லப்பா" என்று சிரித்தார். "பொய்க்குன்னாலும் அப்படிப் பண்ணக் கூடாது. அப்புறம் உன் மூஞ்சப் பாத்தேன். அது நடிக்கிற மூஞ்சியாவே இல்ல."

சார் பாடம் நடத்திய அந்த நாவல்களை அப்புறம் பலமுறை படித்துவிட்டேன். மனிதனுக்குள் மிருகம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் அதன் முனகலைக் கேட்டவன். ஆனால் அந்த எழுத்தாளர்கள் செய்கிற ஒரு தந்திரமும் புரிந்தது. கப்பலை உடைக்கும்போதே, எழுந்து வந்து 'டேய்' என்று கேட்கக்கூடிய ஆளாகப் பார்த்துக் கடலில் மூழ்கடித்துவிடுகிறார்கள். பிறகு தீவில் நியாயம் இல்லை என்று பக்கம் பக்கமாக வருத்தப்படுகிறார்கள். நல்ல கூத்து!

திரும்பி வரும் பஸ்ஸில் லீடர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேளம்பாக்கம் தாண்டியதும், "திங்கக்கிழமை வருவ இல்ல?" என்றான்.

"மேடையிலயே சொல்லிட்டேனே" என்றேன்.

தாம்பரத்தில் இறங்கிப் பையோடு நேராகக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு புது ஸ்டூல் போட்டு வைத்திருந்தார் அத்தா. நான் அதில் உட்காரவில்லை.

"அத்தா, நான் காலேஜுக்கே போறேன்."

அவர் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே நின்று குழாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் முன்னால் போட்டு, "உக்காருங்க சார், உக்காந்து பாருங்க. இவன் என் பையன், காலேஜ்ல படிக்கிறான்" என்றார்.