மேலகரத்தில் பிடித்த ஒரு புறா ஈ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஈ பிடிப்பவள். பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடுமுறை நாட்களில், பறவைகள் மீதும் வௌவால்கள் மீதும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து வாழும் ஈக்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்கிறேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "இன்னும் ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்பார்கள். ஓட்டவில்லை, பிடிக்கிறேன் என்பேன். இந்தப் பயணத்துக்கு முன்பு வரை, ஏழு வருடத்தில் என் மரப்பெட்டியில் நாற்பத்து மூன்று சின்ன சீசாக்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் எந்த ஊர், எந்தப் பறவை, பிடித்தவர் யார் என்று பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு. எனக்கு அதில் பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

அப்போது அந்தப் பெட்டியில் தென்காசி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு சீசாகூட இல்லை. தூத்துக்குடிக்கு இருந்தது, நாகர்கோவிலுக்கு இருந்தது, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிற ஊருக்கு இல்லை. மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். நான்காவது முறையாகப் போனது கடந்த ஜூலையில், ஒரு சனி ஞாயிறு. குற்றாலச் சீசன் நேரம்.

திருநெல்வேலியில் காலை 6.15-க்குப் பேருந்து. ஆலங்குளத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், ஒரு டீ குடிக்கலாம். 7.50-க்குத் தென்காசி. இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது. அங்கிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் மேலகரம் பத்து நிமிடம்.

மேலகரத்தில் நான் பார்க்கப்போனது செல்லத்துரை அண்ணாச்சியை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் அறுபது பந்தயப் புறாக்கள். புறா வளர்க்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய எண்ணைத் தந்திருந்தார். முந்தின வாரமே போனில் பேசி, "புறா மேல ஈ இருக்கான்னு பாக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தேன். நான் செய்த தவறு அதுதான்.

மாடிப்படி ஏறும்போதே வேப்பெண்ணெய் வாடை. மேலே போனால், வெள்ளைப் புறாக்களெல்லாம் மஞ்சள் புறாக்களாக நிற்கின்றன. கூண்டுத் தரையில் பினாயில் நாற்றம்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நேத்தே எல்லாத்தையும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக் குளிப்பாட்டிட்டேன். வெளியூர்லருந்து ஆள் பாக்க வாரேங்கும்போது அழுக்கோடயா நிறுத்துவேன்? நல்லாப் பாருங்க தங்கச்சி. ஒரு ஈ இருந்தா பட்டறைய மூடிருதேன்."

ஒரு வீட்டுக்குப் போய் "உங்கள் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நான் கேட்டது அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு புறாவாகப் பிடித்து, சிறகை விரித்து, வாலடியில் ஊதிப் பார்த்தேன். சுத்தம். அவ்வளவு சுத்தமான புறாக்களை நான் பார்த்ததே இல்லை. எரிச்சலாக வந்தது, அவர் மேல் அல்ல, என் மேல்.

மூலையில் ஒரு பெட்டிக்குச் சாக்குத் திரை போட்டிருந்தது. அதையும் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது அடையில இருக்கு. தொடக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

டீ கொண்டு வந்த அவர் மனைவி ராஜகனி அக்கா, "அத மட்டும் இவுக குளிப்பாட்டல. முட்ட நனைஞ்சிரும்லா" என்றார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஈ இருந்தால் அங்கேதான் இருக்கும். அண்ணாச்சிக்கும் புரிந்திருந்தது. திரைக்குப் பின்னால் இருப்பது அவருடைய சிறந்த பெட்டை. வட்டாரத்தில் புறா வளர்ப்பவர்கள் அதன் குஞ்சுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறார்கள். அதன் மேல் ஈ என்று வெளியே தெரிந்தால் அவர் பேர் என்னாவது?

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாத்துக்கிடுங்க. ஆனா ஆலங்குளத்துல ஒருத்தர் புறாவுல பிடிச்சதுன்னு எழுதிக்கிடுங்க."

"அது முடியாது அண்ணாச்சி. சீட்டு பொய்யின்னா அந்த சீசாவே பொய்."

"அப்பம் விடுங்க."

இறங்கிவிட்டேன். நான்காவது முறையும் காலி என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு ஈக்காக.

மாலை குற்றாலம். ஒரு தென்னந்தோப்புக்குள் கூரை பாதி சரிந்த பழைய கட்டடம், உள்ளே பழந்தின்னி வௌவால்கள். தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்று தூர லென்ஸில் படம் எடுத்தேன். வௌவாலைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், என்னிடம் இல்லை. ஐம்பது நிமிடம் கழித்து ஒரு வௌவாலின் கழுத்து ரோமத்தில் சிலந்தி மாதிரி ஒன்று நகர்ந்தது. அதுதான் வௌவால் ஈ. அதற்கு இறக்கையே கிடையாது. படம் நன்றாக வந்தது. ஆனாலும் படம் படம்தான், சீசா சீசாதான்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஐந்தருவி வரிசையில் நிற்கும்போது போன்.

"தங்கச்சி, ஊருக்குப் போயிட்டீங்களா? பத்து மணிக்கு ஆண் வந்து அடைக்கு உக்காரும், பெட்ட வெளிய வரும். அப்பம் வாங்க." பின்னால் ராஜகனி அக்காவின் குரல் கேட்டது. "ஒளிச்சு வச்சாத்தான் ஊரு பேசும்னு சொல்லுங்க."

குளிக்காமலே ஆட்டோ ஏறினேன், நூற்றிருபது ரூபாய்.

சரியாகப் பத்தே காலுக்குப் பெட்டை வெளியே வந்தது. அண்ணாச்சி அதைக் கையில் ஏந்தி, சிறகை விரித்தார். தட்டையாக, பழுப்பாக ஒன்று இறகுகளுக்கு நடுவே நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது. நான் கை வைத்தேன், நழுவியது. மறுபடி வைத்தேன், வாலடிக்குப் போய்விட்டது. மூன்றாவது முறை பறந்தே விட்டது, நல்லவேளை திரும்பி வந்து புறாவின் கழுத்தில் உட்கார்ந்தது.

"தள்ளுங்க" என்று புறாவை என் கையில் கொடுத்தார் அண்ணாச்சி. இருபது வருடம் புறா பிடித்த விரல்கள். ஒரே எடுப்பு. இரண்டு விரல்களுக்கு நடுவே ஈ. சீசாவுக்குள் விட்டதும், பூச்சி கெடாமலிருக்க நான் ஊற்றிவைத்திருந்த சாராயத்தில் இரண்டு சுற்று சுற்றி அடங்கியது.

"ஏழு வருசமா பிடிக்கேங்குதீங்க, மூணு தடவ விட்டுட்டீங்களே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

சீட்டு எழுதி அவரிடம் காட்டினேன். மேலகரம். பந்தயப் புறா, பெட்டை. பிடித்தவர், செல்லத்துரை. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"இனிஷியல் போடல" என்றார். "சு. செல்லத்துரைன்னு போடுங்க."

போட்டேன். நாற்பத்து நான்காவது சீசா. உள்ளே சீட்டு தெரியும்படி அதை அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால் சில விஷயங்கள். சீசனில் சனிக்கிழமை குற்றாலத்தில் அறை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது, தென்காசியில் தங்கினால் மலிவு. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை சாராயத்தில் கரையும். வௌவாலையோ அது கடித்துப் போட்ட பழத்தையோ கையால் தொடவே தொடாதீர்கள். புறா வளர்ப்பவரிடம் ஈயைப் பற்றிப் போனில் பேசாதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள். அடையில் இருக்கும் புறாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது.

திரும்பும் பேருந்து ஆலங்குளத்தில் நின்றபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சு. செல்லத்துரை அந்தச் சீட்டின் படத்தை, நடந்த கதையோடும் என் எண்ணோடும், புறாக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

"மேடம், நான் ஆலங்குளம். எம் புறாவுலயும் ஈ இருக்கு. நான் குளிப்பாட்டவே இல்ல. எப்பம் வாரீங்க?"