என்ன குடுப்பினம்?

எங்கள் ஊரில் ஒரு பெண் வகுப்புக்குப் போகிறாள் என்றால், என்ன படிக்கிறாய் என்று எவரும் கேட்பதில்லை. "முடிய என்ன குடுப்பினம்?" என்றுதான் கேட்பார்கள். போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் தொண்டு நிறுவனங்கள் பழக்கிவிட்ட கேள்வி அது. கோழி வளர்ப்புப் படித்தால் கூடு கிடைக்கும்; சிலவேளை கோழியும் கிடைக்கும். தையல் படித்தால் மெஷின். படிப்பு என்பது சாமான் வாங்கப் போன இடத்தில் சும்மா கட்டிக்கொடுத்த பொட்டலம்.

என் சின்னம்மா எமில்டா இப்படிப் பல பொட்டலங்கள் வாங்கியவர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அதே கரையில் வலை வைத்திருந்த யாக்கோப்பைக் கட்டி, முகாமால் திரும்பி வந்த பிறகு யார் கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்தார். ஜாம் காய்ச்சப் படித்தார். புட்டுக்கு ஜாம் பூசிச் சாப்பிடும் வழக்கம் கரையில் இன்னும் வரவில்லை. காளான் படித்தார், கடற்காற்றுக்குக் காளான் முளைக்கவில்லை. தலைமைத்துவம் என்று ஒன்று நடந்தது. அதில் பந்து எறிந்து விளையாடிவிட்டுச் சோற்றுப் பார்சலோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய சான்றிதழ்கள் மாதா படத்துக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று சொல்வார்கள். அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

பிறகு, கோயிலில் ஒரு பிள்ளை முதல்நன்மை வாங்கிய விருந்தில் சின்னம்மா கேக்கின் மேல் ஒரு றோசாப்பூவைக் கண்டார். உண்மையான பூ என்று நினைத்து மணந்து பார்த்தார். மூக்கில் சீனி ஒட்டியது. அன்றிலிருந்து அவருக்கு அதே பேச்சு. "சீனியிலை எப்படிப் பிள்ளை இதழ் சுருளும்?" என்று என்னைக் கேட்டார். நான் பொருளியல் படித்தவள். எனக்கு எப்படித் தெரியும்?

புதுக்குடியிருப்பில் ஒரு ரியூசன் கொட்டகை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரத்தில் அங்கே ஜெயரூபினி ரீச்சர் கேக் ஐசிங்கும் கைப்பணியும் படிப்பித்தார். காசு கட்டிப் படிக்கும் வகுப்பு. சின்னம்மா மீன் விற்ற காசில் சேர்ந்தார். பக்கத்து வீட்டு றோசம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி, புதுக்குடியிருப்பு பஸ்ஸிலையே குடியிருக்கிறாய்?"

"கேக் வகுப்பு அக்கா."

"முடிய என்ன குடுப்பினம்?"

"ஒண்டும் குடாயினம். நான்தான் குடுக்கிறன்."

"ஆருக்கடி பூச்சுத்துறாய்? ஓவன் குடுக்கப் போயினம், அதுதான் வாய் திறக்கிறாய் இல்லை."

றோசம்மா அத்தோடு நிற்கவில்லை. கிராம சேவகரிடம் போய், ஐந்து பிள்ளைகள் உள்ள தன்னை விட்டுவிட்டு எமில்டாவுக்கு ஓவன் போகிறது என்று அழுதாள். கிராம சேவகருக்கு ஓவனைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாமல் ஒரு ஓவன் ஊருக்குள் வந்திருந்தால் என்ன செய்வது? அவர் மேலே கேட்டார். மேலே இருந்தவர்களும் அதே பயத்தில் ஒரு நிறுவனத்தைக் கேட்டார்கள். அந்த நிறுவனத்தில் ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய காசு இருந்தது. இல்லாத ஓவன் இப்படித்தான் பிறந்தது. புதுக்குடியிருப்புக் கொட்டகை வாசலில் பெரிய பனர் தொங்கியது. பத்துப் பேர் படித்த வகுப்பு 'பெண் தொழில்முயற்சியாளர் ஊக்குவிப்பு' ஆனது. றோசம்மாவும் வந்து முன்கதிரையில் உட்கார்ந்தாள்.

சின்னம்மாவின் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாக இல்லை. வீட்டில் கிடாரத்துக்குள் மணல் போட்டு, மேலே தணல் வைத்துச் சுட்டார். ஒரு பக்கம் கருகி, மற்றப் பக்கம் சரிந்து வந்தது. சித்தப்பா அதைக் கையில் எடுத்து நிறை பார்த்தார்.

"வலைக்கு ஈயம் காணாமல் கிடக்கு, எமில்டா. இதிலை ரெண்டு சுட்டுத் தாறியோ?"

"தின்னாமல் வையுங்கோ பாப்பம்."

சித்தப்பா வைக்கவில்லை. நானும் சிரித்தேன். அந்த வயதில், அந்த வீட்டில், மழைக்கு ஒழுகும் தகரத்துக்குக் கீழே, பச்சை ஐசிங் எதற்கு என்று எனக்கு உண்மையாகவே ஏளனமாக இருந்தது.

நிறுவனத்திலிருந்து நிரோஜன் என்ற அலுவலர் வந்தான். என்னோடு ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவன். எனக்கு முன்னரே வேலை கிடைத்தவன். சின்னம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டான்.

"அம்மா, செய்யிற கேக்கை என்ன செய்வீங்கள்?"

"தின்னுவம், தம்பி."

"மிச்சத்தை?"

"மிச்சம் வராது. என்ர மனுசன் இருக்கிறார்."

"அப்ப ஏனம்மா படிக்கிறீங்கள்?"

"ஆசைக்கு."

அவன் தாளைப் பார்த்தான். வருமானம், சந்தை, கடன் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஆசைக்கு இல்லை.

அவன் போனதும் ஜெயரூபினி ரீச்சர் சின்னம்மாவைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, தொழில் செய்வன் எண்டு சும்மா சொல்லிவிடுங்கோவன். அடுத்தது சீனிப்பூ வகுப்பு. தொழில் செய்யிற ஆக்களைத்தான் அதுக்கு எடுக்கலாமாம்."

அன்று பின்னேரம் நானும் அதையே சொன்னேன். "ஒரு பொய்தானே சின்னம்மா. எல்லாரும் சொல்லுறதுதானே."

சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ஜாமுக்கும் ஓம் எண்டனான். காளானுக்கும் ஓம் எண்டனான். இதுக்கும் ஓம் எண்டால் இதுவும் அதாப் போயிடும் பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. சீனிப்பூ வேண்டும் என்று மூக்கில் சீனியோடு அலைந்தவர், ஒரு சொல்லுக்காக அதை விடுவதா? பிறகு யோசித்தேன். நான் பல்கலைக்கழகம் எடுபட வேண்டிய இசட் புள்ளிக்காகப் படித்தவள். அதற்குப் பிறகு வேலைக்காகப் படித்தேன். நேர்முகத் தேர்வில் உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோது, எந்தப் பதிலுக்கு வேலை கிடைக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். ஆசைக்கு என்று நான் எதையாவது படித்திருக்கிறேனா? நினைவில் எதுவும் வரவில்லை. அதற்காகச் சின்னம்மா செய்தது சரி என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நிறைவு விழாவுக்குக் கண்காட்சி வைத்தார்கள். மேசை முழுக்க அடுக்கு அடுக்காகக் கேக்குகள். எல்லாம் ரெஜிபோம், சாமான் உடையாமல் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளைக் கட்டி. கலியாண வீடுகளில் மேலே ஐசிங் பூசி உள்ளே வெறும் ரெஜிபோமை வைப்பார்களே, அதே வேலை. விருந்தினர் எவ்வளவு பிந்தி வந்தாலும் இடியாது என்பது நிறுவனத்தின் ஏற்பாடு. சின்னம்மா மட்டும் உண்மையான கேக்கைக் கொண்டுவந்திருந்தார். விருந்தினர் வழக்கம்போலப் பிந்தினார். வெக்கையில் சின்னம்மாவின் பச்சை நிறப் பட்டர் ஐசிங் வழிந்து தட்டில் குளம் கட்டியது. அதை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வந்த விருந்தினர் படத்துக்கு நின்று கத்தியைக் கேட்டார். நடுவில் இருந்த றோசம்மாவின் மூன்றடுக்கில் கத்தியை வைத்து அமுக்கினார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கத்தி இறங்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். நிரோஜன் ஓடிப்போய் ஓரத்தில் இருந்த பச்சைக் கேக்கைத் தூக்கிவந்து அவருக்கு முன்னால் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"இன்று தொழில்முயற்சியாளராக மலர்ந்திருக்கும் எமில்டா அவர்களின் முதலாவது உற்பத்தி!"

"இல்லைத் தம்பி," என்றார் சின்னம்மா. மைக் தேவைப்படவில்லை, கடற்கரையில் கூப்பிட்டுப் பழகிய குரல். "இது விக்கிறதுக்கில்லை. ஆசைக்குச் செய்தது. எல்லாரும் தின்னுங்கோ."

விருந்தினர் வாய் நிறையக் கேக்கோடு, "நல்லாயிருக்கு. கிலோ என்ன விலை?" என்றார்.

ஓவன் றோசம்மாவுக்குப் போனது. தொழில் செய்வேன் என்று அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அது இப்போது அவளுடைய விறாந்தையில் பூப்போட்ட துணி மூடி இருக்கிறது. எறும்பு வராது என்று சீனியையும் பால்மாவையும் உள்ளே வைத்திருக்கிறாள்.

சீனிப்பூ வகுப்பு தொடங்கிய அன்று சின்னம்மா வழக்கம்போல வெளிக்கிட்டார். அவமானப்பட்டுத் திரும்புவார் என்று நினைத்து நானும் கூடப் போனேன்.

"அக்கா, உங்கட பேர் இல்லையே," என்றார் ஜெயரூபினி ரீச்சர், முகத்தைப் பார்க்காமல்.

"பேர் வேண்டாம் பிள்ளை. நான் முந்திக் காசு கட்டினமாதிரிக் கட்டுறன். இருக்க ஒரு இடம் தா."

கதிரைகள் எல்லாம் நிறுவனம் கொடுத்தவை. முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ரீச்சர் கடைசியில் கிடந்த ரியூசன் பிள்ளைகளின் நீள மர வாங்கைத் தானே துடைத்துவிட்டார். சின்னம்மா அதில் உட்கார்ந்தார்.

படம் எடுக்க வந்த நிரோஜன் ஒரு முகம் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தான். "பின்னுக்கு இருக்கிறவா ஆர் ரீச்சர்? பயனாளியோ?"

"இல்லை. அவா படிக்க வந்தவா."

அவன் சின்னம்மாவைப் படத்தில் விழாமல் தள்ளி இருக்கச் சொன்னான். சின்னம்மா சீனிமாவை விரலில் உருட்டியபடியே தள்ளி இருந்தார். அன்று அவர் செய்தது றோசாப்பூப் போல இல்லை. கறிக்கு வாங்கும் கோவாப்பூப் போல இருந்தது. நான் சொல்லவும் செய்தேன். "முதல் பூத்தானே" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் இல்லை. றோசம்மா நிறுவனத்தின் சோற்றுப் பார்சலோடு நின்றபடி கேட்டாள்: "உனக்குத்தான் ஒண்டும் குடுக்கேல்லையே. பிறகேன் வந்தனி?"

பஸ் குலுக்கலில் இதழ் உடைந்துவிடும் என்று சின்னம்மா அந்தக் கோவாப்பூவை இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தார். கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை இருக்கவில்லை. நான் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் அவரையும் பிடித்துக்கொண்டேன்.