தாமதமில்லாத குரல்

தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு என் மனைவிக்குப் பேச்சு இல்லை. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்று தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் வாயடித்தவள். பேரம் பேச வந்தவர்கள் அவளிடம் தோற்றுப்போய், சிரித்துக்கொண்டே கூடுதலாக வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வாய்க்கா இப்படி வரவேண்டும்? கடவுள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் எங்கள் பழைய லினக்ஸ் கணினி கிடந்தது. எழுதுவதைச் சத்தமாக வாசிக்கும் நிரல் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தேன். போனின் குட்டி எழுத்துகளை அவளால் தட்ட முடியவில்லை, இந்தக் கீபோர்டுதான் கைக்கு வாகாக இருந்தது. முதலில் வந்த தகரக் குரலைக் கேட்டு முகம் சுளித்தாள். தேடிப் பிடித்து மனிதப் பேச்சு மாதிரி ஒரு பெண்குரலைப் போட்டேன். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தக் குரலை உண்டாக்கக் கிழட்டுக் கணினிக்குத் தெம்பில்லை. அவள் எழுதி வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தேகமயிலிருந்து அவளுடைய அண்ணன் வருவார். “சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன், சும்மா கொஞ்சம் போடுங்க” என்பார். பிறகு மூன்று தரம் சோறு போட்டுக்கொள்வார். முந்தியென்றால் அவள் சும்மா விட்டிருப்பாளா? குரல் போட்டுக் கொடுத்த பிறகு வந்த ஞாயிறும் விடவில்லை, எழுதினாள். கணினி திணறிக்கொண்டிருந்தது. அதற்குள் அண்ணன், ஹேவாஹெட்டயில் தன்னோடு படித்த சிநேகிதர் செத்துப்போனதைச் சொல்லத் தொடங்கியிருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கணினி பேசியது.

“சாப்பிட்டு வந்தவருக்கே இவ்வளவுன்னா, பசியோட வந்தா சட்டி கழுவுற வேலையும் மிச்சந்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மாடியில் என் அலுவலக வேலைக்கு வைத்திருந்த வேகமான கணினியிலும் லினக்ஸ்தான். வயர் இழுத்து இரண்டையும் இணைத்தேன். அவள் கீழே எழுதுவதைப் பழையது மேலே அனுப்பும். மாடிக் கணினி அதைக் குரலாக்கித் திருப்பி அனுப்பும். சத்தம் பழையதிலேயே கேட்கும். அவள் இருந்த இடத்தை விட்டு எழும்பத் தேவையில்லை.

எழுதிவிட்டு அவள் கையை எடுப்பதற்குள் குரல் வந்துவிட்டது. “என்னங்க, தேத்தண்ணி ஆறிப்போச்சு.” அவள் சிரித்தாள். நானும் பைத்தியக்காரன் மாதிரிச் சிரித்தேன். என் பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்றே நம்பினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் இரண்டாம் தரம் சோறு போடும்போதே அவள் எழுதினாள்.

“அண்ணே, வீட்டுல அண்ணி அடுப்பே பத்தவெக்கிறதில்லையா?”

கச்சிதமான நேரம். பழையபடி அவளேதான். அண்ணன் கரண்டியை நிறுத்திக் கணினியைப் பார்த்தார்.

“அட, இப்ப ஒடனே பேசுதே. எப்புடி மச்சான் செஞ்சீங்க?”

நான் ஆசையாகச் சொன்னேன். மாடிக் கணினியை, வயரை, எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அவள் மறுபடி எழுதினாள். “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“பாத்தீங்களா, என்னா தெளிவு,” என்றார் அண்ணன், என்னைப் பார்த்து. “பொம்பள பேசுற மாதிரியே இருக்கு.”

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு எழுதினாள்.

“பொம்பளதான் பேசுறேன்.”

“ஜோக் கூட அடிக்குது மச்சான்,” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனாள். அதன் பிறகு அந்தக் கீபோர்டைத் தொடவேயில்லை. வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். பேசியது கணினி இல்லை, அவள்தான் என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன், மனுஷன் அழுதுவிட்டார். அவர் கெஞ்சியும் அவள் மேசைக்கு வரவில்லை.

கணினி மெதுவாக இருந்தவரை எனக்குத் திருத்துவதற்கு ஒன்று இருந்தது. இப்போது இரண்டு கணினியும் நன்றாக வேலை செய்கின்றன.