கோணவாயர் சொன்னது

சங்கத் தலைவர் என்றால் தொண்டை வேண்டும் என்பது ஊர் எண்ணம். கோணவாயருக்குத் தொண்டை கிடையாது. மைக் முன்னால் நிறுத்தினால் நாலு வாக்கியத்துக்குள் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்; உதடு மட்டும் கடமை தவறாமல் அசைந்துகொண்டிருக்கும். ஒரு தேர்தலில் ஒரு கட்சி அவரை மேடையேற்றிப் பார்த்தது. முதல் வரிசையிலேயே "என்னய்யா சொல்றாரு?" என்று கேட்கத் தொடங்கியதும், மாலை வாடுவதற்குள் மரியாதையாக இறக்கி விட்டுவிட்டது. ஆனால் மில்லின் தறிக்கூடத்துக்குள் நானூறு பேர் அவர் வாயைப் பார்த்துத்தான் வேலையை நிறுத்தினார்கள். அவர் வாயைப் பார்த்துத்தான் மறுபடி தொடங்கினார்கள்.

விஷயம் எளிது. தறிகள் ஓடும்போது அங்கே யாருக்கும் யார் குரலும் கேட்காது. இடி விழுந்தால் பக்கத்துத் தறியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் கூடத்துக்காரர்கள் எல்லோரும் உதட்டால்தான் பேசினார்கள். பழக்கம் முற்றிப்போய் வெளியிலும் அப்படியே. கோணவாயரும் அவர் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு தறிகளுக்கு அப்பால் நின்று காதலித்தவர்கள். கல்யாணத்துக்குப் பின்னால் ஒரு சமையலறைக்குள் நின்று, சத்தமே இல்லாமல், அண்டை வீட்டார் பொறாமைப்படும்படி சண்டை போட்டவர்கள். "உங்க வீட்ல ஒரு சத்தம் கேக்குதா பாரு, கொடுத்து வச்சவ நீ" என்பாள் எதிர்வீட்டுக்காரி. இவள் சிரித்து வைப்பாள். அதற்குச் சற்று முன்புதான் கணவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டி முடித்திருப்பாள்.

வாய் கோணியது இருபதாவது வயதில். பாவு நூலுக்கு நடுவே அம்பு மாதிரி ஓடித் திரும்பும் நாடா ஒன்று, ஒருநாள் தறியை விட்டே பறந்து வந்து அவர் மேலுதட்டைப் பிளந்தது. தையல் போட்டவர் அவசரக்காரர். அன்றிலிருந்து இடது ஓரம் மேலே இழுத்துக்கொண்டே நின்றது. எதைச் சொன்னாலும் பாதி கிண்டலாகத் தெரிந்தது. கோணவாய் என்று பெயர் விழுந்தது. நாடா பறக்காமல் தடுக்கும் கம்பியை எல்லாத் தறிக்கும் மாட்டச் சொல்லி அவர் கூடத்தை முதன்முதலாக நிறுத்திக் காட்டியபோது, பெயரோடு ஓர் 'அர்' சேர்ந்தது. மரியாதை என்பது எங்கள் ஊரில் அவ்வளவு சிக்கனமாகத்தான் வரும்.

கூடத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்கு 'வாய் கடத்துவது' என்று பெயர். ஒருவர் சொன்னதைப் பக்கத்துத் தறிக்காரர் அடுத்தவருக்குச் சொல்வார், அவர் அதற்கடுத்தவருக்கு. ஆனால் தன் வாயால் சொல்லக்கூடாது. யார் சொன்னாரோ அவருடைய வாயால் சொல்ல வேண்டும். வெற்றிலைக்காரர் சொன்னதென்றால் கன்னத்தை உப்பிக்கொண்டு, பல் நீண்டவள் சொன்னதென்றால் பல்லைக் காட்டிக்கொண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரிசைக்காரருக்கும் முகத்தைப் பார்த்தவுடன் யார் சொன்னது, எவ்வளவு நம்பலாம் என்று விளங்கிவிடும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஒருமுறை சொந்தச் சரக்கைச் சேர்த்துக் கடத்திய ஒருவனைக் கண்டு கூடமே முகம் திருப்பிக்கொண்டது. அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் ஊமை. மூன்று மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போனான்.

அந்த வருடம் ஆட்சி மூன்று முறை கைமாறியது. முதலில் வந்தவர்கள் மக்களுக்காக வந்தார்கள். அடுத்தவர்கள் அவர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்ற வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் சீருடையில் வந்ததால் காரணம் சொல்லவில்லை. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தறிக்கூடத்தில் நானூறு பேர் சேர்ந்துதான் நிற்க வேண்டும். அது உற்பத்தி என்பதால் சட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே அந்த ஊரிலேயே தடையில்லாமல் பொதுக்கூட்டம் நடந்த ஒரே இடம் அதுதான். அதுவும் தினமும், சம்பளத்தோடு. உளவு பார்க்க ஓர் ஆளை வேலைக்காரன் வேஷத்தில் உள்ளே விட்டார்கள். மாலையில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவன், நானூறு பேருக்கும் பல்வலி என்று எழுதிக் கொடுத்தானாம்.

கோணவாயரை மில் வாசலில் வைத்துத்தான் பிடித்தார்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில். ஒரு பள்ளிக்கூடத்தைக் காலி செய்து அதில் அடைத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கலாம், பேசக்கூடாது. அவர் மனைவி போய் நின்றாள். மாடியில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கரும்பலகை தெரியும் ஒரு வகுப்பறையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கன்னம் வீங்கியிருந்தது. வாய் இப்போது இரண்டு பக்கமும் கோணியிருந்தது.

"பேசினா உள்ள தள்ளிடுவேன்" என்றான் அவள் பக்கத்தில் நின்ற காவலாளி.

"நான் எங்கங்க பேசுறேன்?" என்றாள் அவள்.

கண்ணாடிக்குப் பின்னால் உதடு அசைந்தது. "மாடியில துணி எடுத்தியா? மழை வருது பாரு."

எடுக்கவில்லை. "எடுத்துட்டேன்" என்றாள், ஒலியில்லாமல்.

அவர் தலையாட்டினார். பிறகு அவர் முகம் மாறியது. வீட்டுக்காரர் போய்த் தலைவர் வருவது அவளுக்குத் தெரியும். புருவம் இறங்கும், இடது ஓரம் இழுக்கும். இழுத்தது. அந்த நேரம் பார்த்து யாரோ ஜன்னல் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் உடலைக் கொடுத்தார்கள். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். அது உண்மைதான், நிற்காமல் யாரும் இறந்ததில்லை. அடக்கத்துக்கு எத்தனை பேர் போகலாம் என்ற கேள்வி வந்தது. நான்கு பேர் என்றார் ஓர் அதிகாரி. இறந்தவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று இன்னொருவர் கேட்டார். மேலிடத்தைக் கேட்டு வரும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள், கோணவாயர் உட்பட.

அன்று சாயங்காலம் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு எதிர்மாறான பெருமை: தொண்டை உண்டு, வெண்கலத் தொண்டை. ஊரே 'மைக்கு' என்றுதான் கூப்பிடும். முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினான்.

"அண்ணி, அண்ணனைக் கடைசியா பாத்தது நீங்கதான். ஏதாவது சொன்னாராமே?"

"யாரு சொன்னா?"

"காவலுக்கு நின்னவன் சொல்லியிருக்கான், 'அந்த ஆளு வாயை வாயை அசைச்சான், இந்தம்மாவும் அசைச்சுது'ன்னு. அவனுக்கென்ன தெரியும், பல்வலின்னு நினைச்சிருப்பான்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நிறுத்தச் சொன்னாரா, ஓட்டச் சொன்னாரா? அது மட்டும் சொல்லுங்க. கூடமே காத்துக்கிட்டு இருக்கு."

துணியைப் பற்றிக் கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். மைக்கின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது.

"காலையில கூடத்துல சொல்றேன்" என்றாள்.

காலையில் மில்லுக்குள் நுழையும்போது பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட லாரிகள் நின்றன. தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகப் பூட்ஸ். ஒருவன் கீழே இறங்கி, துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வாசல் காவல்காரர் அவளிடம் குனிந்து சொன்னார்: "சத்தத்தைத்தாம்மா கேட்டுக்கிட்டு இருக்கானுங்க. நின்னுதுன்னா உள்ள வரச் சொல்லி உத்தரவாம். அண்ணன் செத்த மறுநாள் எப்படியும் நிறுத்துவீங்கன்னு கணக்கு."

நாலாவது வரிசை ஓரத்தில் அவளுடைய இரண்டு தறிகள். ஓட்டத் தொடங்கினாள். வலது பக்கத்துக்காரி அவளைப் பார்த்தாள். அதற்கு அப்பால் இருந்தவர்கள் பார்த்தார்கள். கண் எட்டிய தூரம் வரை, கை தறியிலும் முகம் அவள் மேலும்.

உண்மையைக் கடத்தலாம். நானூறு வாயும் கோணிக்கொண்டு, ஒவ்வொன்றாக, 'மாடியில துணி எடுத்தியா' என்று கேட்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. ஜன்னல் சாத்தாமல் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்தச் சொல்லியிருப்பார். நிறுத்துகிற ஜாதி அவர். ஆனால் அவர் ஜன்னல் வழியே லாரியைப் பார்க்கவில்லை. பூட்ஸை எண்ணிப் பார்த்தவள் அவள். வலது பக்கத்துக்காரி புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அது சரிந்து சரிந்து விழ, ஒவ்வொரு முறையும் தோளால் ஏற்றிவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் புருவத்தை இறக்கினாள். மேலுதட்டின் இடது ஓரத்தை மேலே இழுத்தாள்.

"தறி நிக்கக் கூடாது."

வலது பக்கத்துக்காரியின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு அவள் உதட்டின் இடது ஓரம் மேலே போயிற்று. மூக்குக்கண்ணாடிக்குக் கீழே கோணவாயர் வந்து நின்றார். திரும்பி அடுத்தவரிடம் சொன்னார். அடுத்தவர் மீசைக்காரர், மீசைக்குக் கீழே கோணவாயர். வரிசை வரிசையாகப் போனார். நேற்று நாலு பேர் தூக்கிப் போய் மண்ணில் வைத்த மனிதர், கூடம் முழுக்க, ஆணிலும் பெண்ணிலும், சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டு போனார். கடைசி வரிசையிலிருந்து அவளைத் திரும்பிப் பார்த்தபோதும் அவராகவே பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தறிகள் ஓடின.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி: தொழிற்சங்கத் தலைவர் மரணம், உற்பத்தியில் பாதிப்பில்லை. ஊரில் சிலர் காறித் துப்பினார்கள். உழைத்தவனை ஒரே நாளில் மறந்துவிட்டார்கள் என்று. லாரிகள் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஆரஞ்சுத் தோலைப் பெருக்க ஆள் வந்தது.

அதற்குப் பிறகு அவளால் கூடத்தில் இருக்க முடியவில்லை. யாராவது கொட்டாவி விட்டாலும் இடது ஓரம் இழுப்பது போல் இருந்தது. துணி மடிக்கும் அறைக்கு மாற்றிக்கொண்டு போனாள். அங்கே சத்தம் இல்லை. ஆட்கள் குரலால் பேசினார்கள். அது இன்னும் மோசம். பேசுகிறவர்களின் வாயைப் பார்க்காமல் குனிந்தே வேலை செய்தாள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்குக் காரணம் துக்கம் அல்ல. ஒருநாள் தலை வாரும்போது, அவள் கேட்காமலே, அவள் உதடு தானாக மேலே போயிற்று.

ஆட்சி நாலாவது முறையும் மாறியது. செத்தவர்கள் எல்லோரும் தியாகிகள் ஆனார்கள். மேனேஜர் நல்ல ரசனைக்காரர். தறிக்கூடத்துச் சுவரில் கோணவாயர் படத்தை வரையச் சொல்லி, கீழே நீலப் பெயிண்டில் எழுத வைத்தார்: 'தறி நிற்கக் கூடாது.' வரைந்தவனும் மரியாதை தெரிந்தவன், வாயை நேராக்கிவிட்டான். கூடத்துச் சுவரில் வேறு யாரோ நிற்பதாகவே அவளுக்குப் பட்டது. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் அவளுடையது.

ஐந்தாறு வருடம் போயிற்று. அதிவேகத் தறிகள் வந்தன. வேகத்துக்கு இடைஞ்சல் என்று நாடா தடுக்கும் கம்பிகளைக் கழற்றினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் கண் போயிற்று. இரண்டாவது, வலது பக்கத்துக்காரி. மூக்குக்கண்ணாடி உடைந்து உள்ளே போயிருந்தது.

அவள் மைக்கைத் தேடிப் போனாள். இப்போது அவன்தான் தலைவர், மேஜை இருந்தது.

"ஏன் இன்னும் நிறுத்தல?"

"எல்லாருக்கும் ஆத்திரம்தான் அண்ணி. ஆனா சுவத்தைக் காட்டுறாங்களே. 'அவரு உயிரை விட்டுச் சொன்ன சொல்லு, மீறலாமா'ன்னு நம்ம ஆளுங்களே கேக்குறாங்க. மேனேஜர் கேட்டாக்கூட பதில் சொல்லிடுவேன். இவங்களுக்கு என்ன சொல்ல?"

"அவரு அப்படிச் சொல்லல."

மைக்கு அவளைப் பார்த்தான். "அண்ணி, அதை வெளியில சொல்லாதீங்க. முகத்தைத் திருப்பிக்குவாங்க. அவரு பேரும் போயிடும், உங்க பேரும் போயிடும்."

"அவரு பேருக்கு ஒண்ணும் ஆகாது. அவரைத்தான் நேராக்கிட்டீங்களே."

மடிப்பறைக்குத் திரும்பாமல் கூடத்துக்குள் போனாள். நாலாவது வரிசை. அவளுடைய பழைய இடத்தில், இரண்டு தறிகளோடு, யாரோ ஒரு புதுக்காரி. தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, கைப்பிடியை இழுத்தாள். தறி நின்றது. மற்றதையும் நிறுத்தினாள்.

அத்தனை தறிகளில் இரண்டு நின்றால் வெளியாளுக்குத் தெரியாது. கூடத்துக்காரர்களுக்கு உள்ளங்காலில் தெரியும். முகங்கள் திரும்பின. பக்கத்துத் தறிக்காரியின் உதடு கேட்டது: "யார் சொன்னது?"

அவள் உதட்டின் இடது ஓரம் இழுத்தது. எவ்வளவு சுலபம்! அவர் வாயால் 'நிறுத்து' என்றால் போதும். ஒரு நிமிடத்தில் கூடம் முழுக்க அவர் எழுந்து நிற்பார். இந்த முறை அது பொய்கூட இல்லை. ஜன்னல் சாத்தாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் சொல். அதற்காகவே அவர் இத்தனை வருடமும் அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

உதட்டைக் கையால் பொத்தி, அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"அன்னைக்குச் சொன்னதும் நான். இன்னைக்குச் சொல்றதும் நான். நிறுத்துங்க."

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீசைக்காரர் திருப்பிக்கொண்டார். பக்கத்துத் தறிக்காரி மட்டும் திருப்பவில்லை. அவள் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை யாரும் கடத்தியிராத வாய். பிடித்துக்கொள்ள அதில் பல்லோ கோணலோ எதுவும் இல்லை. அந்தப் பெண் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். கைப்பிடியை இழுத்துவிட்டு, அடுத்த தறியின் பக்கம் திரும்பினாள்.