நயினாதீவில் ஒரு ரயில் எஞ்சின்

யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ்ஸில் புறப்பட்டேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அங்கிருந்து படகு.

"கோயிலுக்கோ?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இல்லை அண்ணை, ஒரு ரயிலைப் பாக்கப் போறன்."

"நயினாதீவிலையோ?" அவர் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய பொம்மை ரயில்களைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. அதைக் கேள்விப்பட்டுத்தான் நயினாதீவில் இருக்கும் மங்கை அக்கா அழைத்திருந்தார். அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் மலையகத்துப் பதுளையில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிய, ஒரு சாக்கோடு ஊர் திரும்பினார். சாக்குக்குள் இந்த எஞ்சின் இருந்தது.

அக்கா அதை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். முழ நீளம், கறுப்பு வர்ணம், ஆறு சக்கரம்.

"தேயிலைத் தோட்டத்துத் துரையின்ரை பங்களாவிலை களவெடுத்தது எண்டு ஊரிலை கதை, தம்பி. தான் செய்தது எண்டுதான் அப்பா சொன்னவர். ஆர் நம்பினவை? அம்மா இதைக் கூடத்திலை வைக்க விடேல்லை. இப்ப கனடாவிலை மகள் தன்ரை பிள்ளைக்குக் கேக்கிறா. ஆற்றையோ சாமானை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. நீர் பாத்து உள்ளதைச் சொல்லும்."

வேலைப்பாட்டைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்தது. அவ்வளவு நேர்த்தி. ஐரோப்பாவில் செய்ததாகத்தான் இருக்கும், இதை எப்படி இவரிடம் சொல்வது என்று யோசித்தபடி கவிழ்த்தேன். கம்பனி முத்திரை எதுவும் இல்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். உட்புறம் மஞ்சள் பித்தளை. அதில் 'நாலு அவுன்ஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அது தராசில் வைக்கும் படிக்கல்! கிலோ கணக்கு வந்தபின் கடைக்காரருக்கு உதவாமற்போன பழைய படிகளில் நடுவே துளையிட்டிருக்கிறார்கள்.

கொதிகலனையும் கழற்றி, தகரத்தின் உட்புறத்துக்கு டோர்ச் அடித்தேன். வர்ணம் பூசாத இடத்தில் தலைகீழாகச் சிவப்பு எழுத்துகள்.

"அக்கா, அப்பாவின்ரை கடைப் பேர் என்ன?"

"அம்பாள் ஸ்டோர்ஸ். தேயிலை விக்கிற தகர ரின்னிலையும் அந்தப் பேர்தான் அடிக்கிறவை."

கொதிகலனின் உட்புறத்தை அவர் பக்கம் திருப்பி டோர்ச்சைப் பிடித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்: "அம்பாள்... பதுளை." கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, "ஓம், அவர்தான் செய்தவர். அவர்தான்," என்றார். முகம் சிரித்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தேத்தண்ணி போடக்கூட எழும்பாமல் மகளுக்கு அழைத்தார். கனடாவில் விடியவில்லை என்று நான் நினைவூட்டியது அவர் காதில் விழவில்லை.

பின்னேரப் படகில் காற்று பலமாக இருந்தது. என் வீட்டில் இருக்கும் எஞ்சின்களில் எல்லாம் கம்பனிப் பெயர் உண்டு. அவற்றை எந்த மனிதர் செய்தார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.