சோய்லாவின் குவளை

எவாரிஸ்டோ எங்கள் தீவின் மதான்சாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உலகநாடுகளைக் கப்பல் கொடிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டார். வல்லரசு எங்கள்மேல் போட்ட வணிக முற்றுகையால் கப்பல் வரத்துக் குறைந்தது, கிரேன் துருப்பிடித்தது, அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது எண்பதை நெருங்குகிறார். இதயம் பலவீனம், கால்கள் வீங்கும். நான் ஓய்வுபெற்ற நர்ஸ், பக்கத்து வீடு. காலையில் போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பேன்.

அந்த மாத்திரை எங்கள் மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. என் அக்கா மகன் மெக்சிகோவிலிருந்து யார் பெட்டியிலாவது வைத்து அனுப்பினால்தான் உண்டு.

அவர் மனைவி சோய்லாவுக்கும் இதே நோய்தான் இருந்தது; அப்போது என் அக்கா மகன் மெக்சிகோ போயிருக்கவில்லை. எங்கள் மருந்து ஆலை மூலப்பொருளுக்குப் பணம் கட்டப் போனால், முற்றுகையை மீறியதாக அபராதம் விழும் என்று பயந்து வெளிநாட்டு வங்கி அதை வாங்க மறுத்துவிட்டது என்றார்கள். அவளுடைய கடைசி நாளன்று தொலைக்காட்சியில் ஐ.நா. வாக்கெடுப்பு. முற்றுகையை நீக்கச் சொல்லி வருடாவருடம் நடப்பதுதான். நான் அவளுக்கு முதுகில் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தேன். எவாரிஸ்டோ திரையில் ஆதரவு வாக்குகளுக்கு எரியும் பச்சை விளக்குகளைக் காட்டினார்.

"பாருடி, கிரீஸ்காரன் நம்ம பக்கம். அவன் கப்பல் மாவை எத்தனை தடவை எறக்கியிருக்கேன்! ஜப்பான்காரனும் நம்ம பக்கம். ஒண்ணு ரெண்டு பேரு போக, உலகமே நம்ம பக்கம்."

சோய்லா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "இத்தனை பேருல ஒருத்தன் பையிலயாவது என் மாத்திரை இருக்கான்னு கேளுய்யா."

"வருது, வந்துக்கிட்டே இருக்கு."

வரவில்லை. விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைப்போம். அது கலங்கினால் போனவருக்கு நிம்மதி இல்லை என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் என் அம்மாவுக்கு வைக்கிறேன்.

இந்த வருடம் வாக்கெடுப்பு நெருங்கியபோது எவாரிஸ்டோவின் கால்கள் பூசணிக்காயாக வீங்கின. மாத்திரை கொடுத்தும் ஏன் வீங்குகிறது?

"தண்ணி கலங்குது, கெழவி," என்றார். "அவளுக்கு இன்னும் மூச்சு வாங்குது."

சோய்லாவுக்கு அவர் வைத்திருந்த குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் வெள்ளையாக மாவு. தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது.

"யோவ், மாத்திரையை வாயில அடக்கி வச்சிருந்து இதுல போடுறியா?"

"வருதுன்னு அவகிட்ட சொன்னேன்ல. குடுக்க வேணாமா?"

"நீயும் போய்ச் சேர்ந்தா அவளுக்கு யாரு தண்ணி வப்பா? நான் வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"கல்நெஞ்சக்காரி."

"ஆமா. வாயைத் தொற."

அன்று முதல் அவர் விழுங்கும்வரை நின்றேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். மாத்திரை அட்டையை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். குவளையை நானே கழுவி நிரப்பினேன். வீக்கம் வடிந்தது. தண்ணீரும் தெளிந்தே இருந்தது. அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

"ஒரு அசைவும் இல்லையே. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ?"

வாக்கெடுப்பு நாளில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். மறுபடியும் பச்சை விளக்குகள். இந்தத் தடவை அவர் எந்த நாட்டுக் கப்பலைப் பற்றியும் பேசவில்லை. முடிந்ததும் குவளைப் பக்கம் திரும்பினார்.

"சோய்லா, அன்னைக்கு நான் சொன்னது பொய். எதுவும் வரல. வர்ற மாதிரியும் இல்ல."

பிறகு என்னிடம் கையை நீட்டி, மாத்திரையை வாங்கி, தானாகவே விழுங்கினார்.

மறுநாள் காலை குவளை கலங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கசப்பில்லை. குழாயில் துரு வரும் ஊர்தான் இது. ஆனால் முந்தின நாள் நான் பிடித்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

"தெளிவாத்தானே இருக்கு?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

குவளையைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"இருக்கு. வாயைத் தொற."