காசி செய்த காகிதக் கவர்

ஆலங்காயத்திலிருந்து தினமும் காலை பஸ் ஏறி மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு வேலைக்குப் போகிறாள் கல்பனா. அங்கே மனவளர்ச்சி குன்றிய, வயது வந்தவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் ஆறு வருடமாக உதவியாளர்.

அவள் பொறுப்பில் இருந்தவர்களில் காசிக்கு இருபத்தேழு வயது. பேச்சும் இல்லை, நடையும் இல்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினால்தான் கஞ்சி உள்ளே இறங்கும். மனைவியை இழந்த அப்பா தாண்டவராயன் அவனைக் காலையில் முதுகில் சுமந்து வந்து விட்டுவிட்டு, சாமைக்கொல்லையில் பாடுபடப் போவார்.

ஒருநாள் மையத்தின் மேலாளர் பாண்டுரங்கன் காசியின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கல்பனாவைக் கூப்பிட்டார்.

"மூணு வருஷமா முன்னேற்றம்னு ஒண்ணுமே இல்லியேம்மா. மேல இன்னா எழுதி அனுப்பறது?"

"நான் கூப்ட்டா திரும்பிப் பாக்கறான் சார். முன்னல்லாம் பாக்க மாட்டான்."

"அதுக்கெல்லாம் கட்டம் இல்ல. இந்த மாசத்துக்குள்ள ஏதாச்சும் காட்டு. இல்லாட்டி அவன அனுப்பிட வேண்டியதுதான்."

கல்பனா காசியின் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்துப் பழைய பேப்பரை மடித்தாள், பசை தடவினாள். பாண்டுரங்கன் போட்டோ எடுத்தார். 'காகிதக் கவர் செய்யக் கற்றுக்கொண்டார்' என்று அவளே படிவத்தில் எழுதினாள்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. காசிக்குப் பயிற்சி முடிந்துவிட்டதாம். அவன் இடத்தைக் காத்திருக்கும் வேறொருவருக்குத் தரவேண்டுமாம். மையத்தின் அலுவலகத்தில் தாண்டவராயனுக்குக் கைகொடுத்து, மகன் தொழில் கற்றுக்கொண்டான் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்பனாதான் காசியை அவர் முதுகில் ஏற்றிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு கட்டு பழைய பேப்பரோடு மையத்துக்கு வந்து நின்றார்.

"எங்கிட்ட செய்ய மாட்டேங்கறாம்மா. நீ எப்டி சொல்லிக்குடுத்த? எனக்கும் கொஞ்சம் காட்டு."

"அவன் செய்யலீங்க. கையப் புடிச்சி நான்தான் செஞ்சேன். அவனுக்கு இங்க எடம் இருக்கட்டும்னு."

தாண்டவராயன் பேப்பர் கட்டைக் கீழே வைத்தார்.

"வேணும்னே சோம்பேறித்தனம் பண்றான்னு நேத்து அவன அடிச்சிட்டேம்மா," என்றார்.

கல்பனா அப்போதே மேலாளரிடம் போய் உள்ளதை எழுதித் தருவதாகச் சொன்னாள். போட்டோ அறிக்கையில் அச்சாகிவிட்டது, இப்போது மாற்றினால் மையத்தில் இருக்கும் மற்ற பதினோரு பேரின் படிவங்களையும் சந்தேகப்படுவார்கள் என்றார் பாண்டுரங்கன். அவள் எழுதித் தரவில்லை. வேலையையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்போது அவள் மலைக்குப் போகிறாள், காசியின் வீட்டில் அவனுக்குக் கஞ்சி ஊட்ட. அவள் வாசலுக்கு வந்ததுமே தாண்டவராயன் எழுந்து சாமைக்கொல்லைக்குப் போய்விடுவார். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை வீட்டுக்குத் திரும்புவதில்லை.